காகிதக் கூட்டில் வேற்றுக் குளவி

சென்ற இதழில், மரநாரை மென்று காகிதம் போன்ற கூடு கட்டும் காகிதக் குளவிகளைப் பற்றி எழுதும்போது, “இவற்றின் கூட்டுக்குள் வேறு இனக் குளவி புகுந்து வாழ்வதும் உண்டு” என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு சென்னையின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏ.சி. பெட்டிக்கு மேலே குளவிக் கூடு ஒன்று இருக்கிறது. கை அருகே போனாலே கொட்ட வருகிற குளவிகள், வேற்றுக் குளவி ஒன்று உள்ளே வந்து வாழ எப்படி இடம் கொடுக்கின்றன?
(ஆதம்பாக்கம் வாசகர்)

அவை இடம் கொடுப்பதில்லை. முதலில் தோற்கின்றன, பிறகு ஏமாறுகின்றன. அது நடக்கும் விதத்தைச் சொல்வதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ராணியும் பணிக்குளவிகளுமாகக் கூடி வாழும் சமூகக் குளவிகளின் கூட்டை நம்பிப் பிழைக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகை, அறைகளில் இருக்கும் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் தின்று வளர்வது. அதற்கு வேண்டியது இறைச்சி மட்டுமே. மற்றொரு வகை கைப்பற்றுவது அந்தக் குடும்பத்தின் உழைப்பை. ராணியின் இடத்தில் தான் அமர்ந்துகொண்டு, தன் பிள்ளைகளை அந்தக் கூட்டின் பணிக்குளவிகளைக் கொண்டே வளர்த்துக்கொள்கிறது. இந்த இரண்டாம் வகையைச் சமூக ஒட்டுண்ணி என்று அழைக்கிறார்கள். நீங்கள் கேட்டிருப்பது இதைப் பற்றித்தான்.

இவ்வகையில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டது, மத்தியதரைக்கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் வாழும் பாலிஸ்டெஸ் சல்சிஃபெர் என்னும் குளவி. இத்தாலியின் புளோரன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். இந்த இனத்தில் பணிக்குளவி என்ற பிரிவே கிடையாது. பிறப்பவை எல்லாம் ஆண்களும், ராணியாகத்தக்க பெண்களுமே. கூடு கட்டும் ஆற்றலையும் இது இழந்துவிட்டது. அதனால் அதே பகுதியில் வாழும் பாலிஸ்டெஸ் டோமினுலா என்ற காகிதக் குளவியின் கூடு கிடைத்தால்தான் இதற்கு மறுதலைமுறை உண்டு.

குளிர்காலத்தை இது மலை உச்சிகளில் உறங்கிக் கழிக்கிறது. வசந்தகாலம் முதிரும் வேளையில், அதாவது சமவெளியில் டோமினுலா ராணிகள் கூடு கட்டி முட்டையிட்டு, முதல் பணிக்குளவிகள் வெளிவரத் தொடங்கும் நாட்களையொட்டி, இது கீழே இறங்கி வருகிறது. முன்னதாக வந்தால் அபகரிக்க ஒன்றும் இருக்காது. மிகவும் பிந்தினால் கூட்டில் காவலுக்கு ஆள் பெருகிவிடும். உடலும் சண்டைக்கு ஏற்றபடியே அமைந்திருக்கிறது: பெரிய தலை, தடித்த தாடைகள், பருத்த தொடைகள், எளிதில் துளைக்க முடியாத மேலோடு. கூட்டில் வந்து இறங்கியதும் கடும் மல்லுக்கட்டு நடக்கும். அதன் முடிவில் பழைய ராணி கொல்லப்படலாம், துரத்தப்படலாம். சில வேளைகளில் அடங்கி ஒடுங்கி அங்கேயே வாழவும் செய்யலாம்.

ஆனால் வலிமையால் ராணியை வெல்லலாமே தவிர, இனி நாள்தோறும் அறைகளிலிருந்து வெளிவரப்போகும் பணிக்குளவிகள் அனைத்தையும் வென்றுகொண்டிருக்க முடியாது. குளவியின் உடல்மேல் ஹைட்ரோகார்பன்களால் ஆன மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. அந்த மெழுகில் எந்தப் பொருள் எவ்வளவு என்ற விகிதம் இனத்துக்கு இனம் மட்டுமல்லாமல் கூட்டுக்குக் கூடும் வேறுபடும். கூட்டின் காகிதத்திலும் அதே மெழுகு படிந்திருக்கும். அறையிலிருந்து வெளிவரும் இளங்குளவி, பிறந்த சில மணி நேரத்துக்குள் அந்த வாசனையைக் கற்றுக்கொள்கிறது; அதன்பின் அந்த வாசனை உடையவர் உறவினர், இல்லாதவர் எதிரி. முகத்தைப் பார்த்தோ பரம்பரையை விசாரித்தோ அது யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை.

ராணியை வென்ற ஒட்டுண்ணி உடனே செய்யும் காரியத்தின் பொருள் இப்போது விளங்கும். அது தன் வயிற்றைக் கூட்டின் பரப்பில் ஓயாமல் தேய்த்துக்கொண்டே நடக்கிறது. சில மணி நேரத்திலேயே அதன் மேலோட்டு மெழுகு மாறத் தொடங்கி, சில நாட்களில் அந்தக் குறிப்பிட்ட கூட்டுக்கே உரிய விகிதத்தை அடைந்துவிடுகிறது. ஆய்வகத்தில் மெழுகைப் பிரித்துப் பார்த்தால் அந்தக் கூட்டில் பிறந்த குளவியின் மெழுகைப் போலவே இருக்கிறது. டோமினுலாவின் பொது வாசனையைப் பூசிக்கொள்வதோடு அது நிற்கவில்லை. எந்தக் கூட்டைப் பிடித்ததோ அந்தக் கூட்டின் வாசனையையே பெறுகிறது என்பதுதான் வியப்பு.

குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதை உடனே நினைத்திருப்பீர்கள். ஒரு முக்கியமான வேறுபாடு: குயில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துபோகிறது, இந்தக் குளவியோ அங்கேயே தங்கி ஆட்சி நடத்துகிறது.

தங்கள் தாயைக் கொன்றவளுக்கே பணிக்குளவிகள் உழைத்துக் கொட்டுகின்றனவா? எதிர்ப்பே கிடையாதா?
(மயிலாப்பூர் வாசகி)

எதிர்ப்பு உண்டு, அது நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ராணி முன்னிருக்கும்போது பணிக்குளவிகளின் சினைப்பைகள் வளராமல் அடங்கியிருப்பது இவ்வினங்களின் இயல்பு. ஒட்டுண்ணி ஆளும் கூடுகளைத் திறந்து பார்த்தபோது, பணிக்குளவிகள் பலவற்றின் சினைப்பைகள் ஓரளவு வளர்ந்திருப்பது தெரியவந்தது. வாசனையைக் கைப்பற்றிய ஒட்டுண்ணியால் ராணியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியவில்லை என்பதற்கு இது நல்ல சான்று. ஆனாலும் உணவு தேடுவதும் புழுக்களுக்கு ஊட்டுவதும் நிற்பதில்லை. புழுவின் தாய் யார் என்று பணிக்குளவி கேட்பதில்லை; கூட்டின் அறையில் இருக்கும் புழுவுக்கு ஊட்டுவதுதான் அதற்குத் தெரிந்த வேலை.

ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் வேறொரு கதை நடக்கிறது. பாலிஸ்டெஸ் அட்ரிமாண்டிபுலாரிஸ் என்ற ஒட்டுண்ணி அங்கே பாலிஸ்டெஸ் பிக்லூமிஸ் என்ற இனத்தின் கூடுகளைப் பிடிக்கிறது. சல்சிஃபெர் போல மல்லுக்கு நிற்காமல், அடிவாங்கினாலும் பணிந்துபோய்ப் பையப்பைய உள்ளே இடம்பிடிப்பது இதன் வழக்கம். கூட்டுக்கு வரும்போது இதன் மெழுகில் ஓம்புயிரிடம் (அதாவது ஒட்டுண்ணிக்கு இடமளிக்கும் இனத்திடம்) இல்லாத சில பொருட்கள் இருக்கும்; குடியேறிய பிறகு அவை குறைந்து, ஓம்புயிரின் கலவையே மேலோங்குகிறது. பணிந்து நுழைவதால் சாது என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கூட்டில் நிலைபெற்றபின் அக்கம்பக்கத்துக் கூடுகளுக்குச் சென்று அங்குள்ள புழுக்களைக் கொள்ளையடித்து வந்து தன் பிள்ளைகளுக்கு ஊட்டவும் இது தயங்குவதில்லை.

இதற்குப் பிக்லூமிஸ் கண்ட மறுமொழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒட்டுண்ணித் தொல்லை மிகுந்த மலைப்பகுதிகளில் வாழும் பிக்லூமிஸ் குடும்பங்கள், பணிக்குளவிகளைக் குறைவாகப் பெற்று, அடுத்த தலைமுறைக்கு உரிய ஆண்களையும் ராணிகளையும் முன்கூட்டியே பெற்றுவிட முனைகின்றன. பிடிபடுவதற்கு முன் சந்ததி பறந்துவிட்டால், பிறகு கூடு யார் கையில் போனாலும் இழப்பு குறைவு.

ஒரு குளவி இனம் இன்னோர் இனத்தை இப்படிச் சுரண்டும் பழக்கம் எங்கிருந்து தோன்றியிருக்கும்?
(பெரம்பூர் வாசகர்)

இத்தாலியப் பூச்சியியலாளர் கார்லோ எமெரி 1909ஆம் ஆண்டிலேயே எறும்புகளை வைத்து ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: சமூக ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் தாம் சுரண்டும் இனத்தின் நெருங்கிய உறவினர்களாகவே இருக்கின்றன. குளவிகளுக்கும் இது பொருந்துகிறது. மேலே சொன்ன இரண்டோடு பாலிஸ்டெஸ் செமெனோவி என்பதையும் சேர்த்து மூன்று ஒட்டுண்ணி இனங்களையும், உருவ வேறுபாட்டைக் கருதி, முன்பு சல்கோபாலிஸ்டெஸ் என்ற தனிப் பேரினத்தில் வைத்திருந்தார்கள். 1990களில் மூலக்கூறு ஆய்வுகள் வந்தபின், அவை மூன்றும் ஒரே மூதாதையின் வழிவந்தவை, அவற்றின் ஓம்புயிர்களும் அதே பாலிஸ்டெஸ் குடும்பத்தின் கிளைகளே என்று தெளிவாயிற்று. வாசனை, உணவூட்டும் முறை, கூட்டின் பருவக் கணக்கு எல்லாம் ஏற்கெனவே ஒத்திருப்பவருக்கே உள்ளே நுழைவது எளிது என்பதால் இதில் வியப்பில்லை.

பழக்கத்தின் தொடக்கத்தையும் இன்றே காணலாம். கூட்டை மழையிலோ பகையிலோ இழந்த ராணி, தன் இனத்தைச் சேர்ந்த வேறொரு ராணியின் கூட்டைப் பறித்துக்கொள்வது காகிதக் குளவிகளிடையே அடிக்கடி நடப்பதுதான். இதற்கு அடுத்த படியில் நிற்கிறது வட அமெரிக்காவின் வெஸ்புலா ஸ்குவாமோசா என்ற சமூகக் குளவி. இதன் ராணி தானே கூடு தொடங்கவும் வல்லது, வெஸ்புலா மாகுலிஃப்ரான்ஸ் ராணியைக் கொன்று அதன் கூட்டைக் கைப்பற்றவும் வல்லது. கைப்பற்றிய கூட்டில் சில காலம் இரண்டு இனப் பணிக்குளவிகளும் கலந்து வேலை செய்யும். பழையவை வயது முடிந்து மடிய மடிய, கடைசியில் ஸ்குவாமோசா மட்டுமே மிஞ்சும். ஐரோப்பாவின் வெஸ்புலா ஆஸ்ட்ரியாகா கடைசிப் படியைத் தாண்டிவிட்டது. அதற்குப் பணிக்குளவிகளே இல்லை. வெஸ்புலா ரூஃபாவின் கூடே அதன் கூடு.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் ஒட்டுண்ணியைத் தந்திரக்காரி, கொள்ளைக்காரி என்று வர்ணிப்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கூடு கட்டவும் பணிக்குளவி பெறவும் மறந்துபோன ஓர் உயிர், தன் ஓம்புயிர் அருகும் இடத்தில் தானும் அருகிப்போகும். ஆள்வது போலத் தோன்றினாலும், அடுத்தவர் பிழைப்பின்மேல் தன் பிழைப்பை முழுவதுமாகக் கட்டிவிட்ட நிலை அது.

கூட்டுக்குள் நுழையாமலேயே உள்ளே இருக்கும் புழுவைத் தாக்கும் குளவி உண்டு என்று எங்கள் ஆசிரியை சொன்னார். இது எப்படிச் சாத்தியம்?
(அண்ணா நகர் மாணவி)

உங்கள் ஆசிரியை சொன்னது ட்ரைகோனாலிட் என்ற குளவிக் குடும்பத்தைப் பற்றியதாக இருக்கவேண்டும். ஒட்டுண்ணி வாழ்க்கைகளில் இவ்வளவு சுற்றுவழி கொண்டது அரிது. இதன் பெண் குளவி மிகச் சிறிய முட்டைகளை ஆயிரக்கணக்கில் இலைகளில் பதித்துவிட்டுப் போய்விடும். இலையைத் தின்னும் கம்பளிப்புழு முட்டையையும் சேர்த்து விழுங்கும். முட்டை அதன் குடலில்தான் பொரியும். பொரிந்தாலும் பயனில்லை, ஏனெனில் இவற்றில் பல இனங்களுக்குக் கம்பளிப்புழு இறுதி வீடு அல்ல. அந்தக் கம்பளிப்புழுவை ஒரு சமூகக் குளவி வேட்டையாடி, மென்று உருண்டையாக்கித் தன் கூட்டுக்கு எடுத்துச் சென்று, தன் புழுவுக்கு ஊட்டவேண்டும். அப்போதுதான் ட்ரைகோனாலிட் புழு தனக்கு உரிய உடலை அடைந்து, அதைத் தின்று வளரும். ஜப்பானில் பெருங்குளவிகளின் கூடுகளுக்குள் வளரும் பேரியோகோனாலோஸ் ஜெசோயென்சிஸ் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. வாசலில் நிற்கும் காவலை அது சந்திப்பதே இல்லை. காவல் காக்கும் பணிக்குளவியே அதை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே சேர்க்கிறது. இத்தனை கண்ணிகளில் ஒன்று அறுந்தாலும் முட்டை வீண். ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதற்குக் காரணமும் அதுதான்.

“குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்” என்று பெரியவர்கள் சொல்வது இந்த ஒட்டுண்ணிகளைப் பார்த்துச் சொன்னதா?
(திருவான்மியூர் வாசகி)

இல்லை. அது மண்கூடு கட்டும் தனிக்குளவிகளைப் பார்த்துச் சொன்னது. அவற்றுக்கு ராணியும் இல்லை, பணிக்குளவியும் இல்லை. ஒரே தாய் கூடு கட்டி, பச்சைப் புழுக்களைக் கொட்டி மயக்கி உள்ளே அடைத்து, முட்டையிட்டு மூடிவிடும். சில நாள் கழித்து அங்கிருந்து குளவி வெளிவருவதைக் கண்டவர்கள் அடைபட்ட புழுவே குளவியாக மாறிவிட்டதாகக் கொண்டார்கள். உண்மையில் அந்தப் புழு, குளவிக்குஞ்சின் உணவாகி முடிந்திருக்கும்.

ஆனால் உங்கள் கேள்வி நம் ஊருக்கு அருகிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டைத் தொடுகிறது. வீட்டுச் சுவரிலும் சன்னல் மூலையிலும் மண் உருண்டை ஒட்டி, அதில் சிலந்திகளை நிரப்பும் மெல்லிடைக் குளவிகளுள் ஒன்றுக்கு அறிவியல் பெயரே செலிஃப்ரான் மதராஸ்பட்டானம். டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் 1781இல் விவரித்த அந்த இனத்தின் பெயரில் நம் பழைய மதராஸ் இருக்கிறது. செலிஃப்ரான் குளவிகளின் மண்கூடுகளைச் சுற்றி, பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும் ஒரு குளவி சுற்றிவருவதைக் காணலாம். ஸ்டில்பம் சயனூரம் என்னும் அது மண்சுவரைத் துளைத்து முட்டையிடும். அதன் புழு, வளர்ந்து முடித்த செலிஃப்ரான் புழுவைத் தின்னும். சிலந்தியை அடைத்த அறையிலிருந்து கட்டியவரின் பிள்ளைக்குப் பதிலாகப் பச்சைநீலக் குளவி ஒன்று வெளிவந்தால் காரணம் இதுவே. சமூகக் குளவி இல்லாததால் இங்கே ஏமாற்றப்பட வேண்டிய கூட்டமும் இல்லை. தாய் இரை தேடப் போயிருக்கும் நேரம் போதும்.

அப்படியானால் எங்கள் வீட்டுக் காகிதக் கூடுகளில் ஒட்டுண்ணியே இல்லையா?
(வேளச்சேரி வாசகர்)

இருக்க முடியும், ஆனால் முதலில் சொன்ன வகை, அதாவது புழுவைத் தின்னும் வகை. தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படும் ரோபாலிடியா மார்ஜினாட்டா என்ற காகிதக் குளவியைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கரும் அவருடைய மாணவர்களும் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அதன் கூடுகளில் இக்நியூமோன் வகைக் குளவியும், டகினிட் வகை ஈயும் புழுக்களைத் தாக்குவது பதிவாகியிருக்கிறது. ஒட்டுண்ணி அல்லாத பெரும்பகையும் ஒன்று உண்டு: கதண்டு என்று நம் பக்கத்தில் அஞ்சப்படும் பெருங்குளவிகளுள் ஒன்றான வெஸ்பா ட்ராபிகா. அது கூட்டில் இறங்கிப் புழுக்களை ஒவ்வொன்றாக இழுத்துத் தின்னும்போது, ரோபாலிடியா குளவிகள் எதிர்த்துப் போரிடாமல் விலகிப்போய்விடுகின்றன.

நன்கு அறியப்பட்ட சமூக ஒட்டுண்ணிக் குளவிகள் எல்லாம் குளிர்காலம் உள்ள நாடுகளைச் சேர்ந்தவை. அங்கே எல்லாக் கூடுகளும் ஒரே பருவத்தில் தொடங்கி ஒரே பருவத்தில் முடிகின்றன. எப்போது வந்தால் கூடு கைப்பற்றும் பக்குவத்தில் இருக்கும் என்பது ஒட்டுண்ணிக்கு உறுதி. நம் ரோபாலிடியா கூடுகளோ ஆண்டு முழுவதும் தொடங்கும், கலையும், ராணி மாறும், மீண்டும் நடக்கும். பருவக் கணக்கை நம்பி வாழும் ஒட்டுண்ணி இங்கே தழைக்காததற்கு இதை ஒரு காரணமாகக் கருதலாம்.

வாசனைக் காவல் மட்டும் இங்கும் அதே. பெங்களூருச் சோதனைகளில் வேறு கூட்டைச் சேர்ந்த குளவிகளை ரோபாலிடியா கூட்டில் விட்டுப் பார்த்தார்கள். வயது முதிர்ந்தவை விரட்டப்பட்டன. பிறந்து சில நாட்களே ஆன இளங்குளவிகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. உறவே இல்லாத ஒருத்தி உள்ளே வர இந்தக் குடும்பங்களிலும் ஒரு சிறு வழி திறந்தே இருக்கிறது.

இந்த ஒட்டுண்ணிகளை வளர்த்து விட்டால் பால்கனிக் கூடுகளை மருந்து அடிக்காமலே ஒழித்துவிடலாமே?
(கோடம்பாக்கம் வாசகர்)

நியூசிலாந்து இதைச் செய்து பார்த்தது. அந்நாட்டுக்கு உரியவை அல்லாத ஐரோப்பியக் குளவிகள் இரண்டு அங்கே குடியேறின: வெஸ்புலா ஜெர்மானிகா 1940களில், வெஸ்புலா வல்காரிஸ் 1970களின் இறுதியில். தென்தீவின் பீச் மரக் காடுகளில் செதில்பூச்சிகள் கசியவிடும் தேன்நீரை உண்டு அவை அளவுகடந்து பெருகி, அந்தத் தேன்நீரை நம்பியிருந்த பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் உணவின்றிச் செய்தன. அவற்றை அடக்க, 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஸ்ஃபெகோஃபாகா வெஸ்பாரம் என்ற இக்நியூமோன் குளவியை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்.

இதன் வாழ்க்கை முறை சமூகக் குளவிக் கூட்டுக்கென்றே வகுத்தது போன்றது. மூடிய அறையில் இருக்கும் வளர்ந்த புழுவின் மேலும் கூட்டுப்புழுவின் மேலும் இது முட்டையிடும். கோடையில் தம்மைச் சுற்றி வெண்ணிற உறை பின்னிக்கொள்ளும் புழுக்களிலிருந்து குட்டைச் சிறகுடைய பெண் குளவிகள் விரைவில் வெளிவந்து, வேறெங்கும் போகாமல் அதே கூட்டிலேயே மறுபடி முட்டையிடும். மஞ்சள் நிறத் தடித்த உறையைப் பின்னுபவை குளிர்காலத்தைத் தாண்டிக் காத்திருந்து, சில வேளை ஓர் ஆண்டுக்கு மேலும் காத்திருந்து, முழுச் சிறகோடு வெளிவந்து வேறு கூடுகளைத் தேடிப் போகும். எழுத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான ஆயுதம் கிடைக்காது. ஆயினும் சில இடங்களில் மட்டுமே அது நிலைத்தது. நிலைத்த இடங்களிலும் குளவிகளின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஒரு கூட்டில் சில அறைகள் பாழானாலும் ராணி முட்டையிட்டு ஈடுசெய்துவிடுகிறாள்.

நம் நிலைமை அதற்கும் நேர்மாறு. சென்னைக் காகிதக் குளவிகள் இந்த மண்ணுக்கே உரியவை. மாடித் தோட்டத்தில் வெண்டையையும் கத்திரியையும் அரிக்கும் பச்சைப் புழுக்களைத் தூக்கிச் செல்பவையும் அவையே. கைக்கெட்டாத சன்ஷேடின் அடியில் இருக்கும் சிறு கூட்டை அப்படியே விட்டுவிடுவதுதான் என் யோசனை. குழந்தைகள் நடமாடும் இடத்திலோ, கொடி கட்டித் துணி உலர்த்தும் இடத்திலோ இருந்தால் மண்ணெண்ணெய்ப் பந்தம் கொளுத்தாதீர்கள், கல் எறியாதீர்கள். கதண்டுக் கூடாகத் தெரிந்தால் 101க்குத் தொலைபேசியில் சொல்லித் தீயணைப்பு மீட்புப் பணித்துறையினரை வரவழையுங்கள். குளவிகள் கூட்டுக்குத் திரும்பி அடங்கிய பிறகு இருட்டில் வேலை செய்யும் பயிற்சி அவர்களுக்கு இருக்கிறது.